நேற்றுவரை மாசு என்றே தெரியாத ஒன்றைச் சுத்தம் செய்ய யார் பணம் கொடுப்பது?

கேள்வி இது: "பிஃபாஸ் என்ற, எளிதில் அழியாத ரசாயனங்கள் மாதிரி புதிதாகத் தெரியவரும் மாசுகளை நீக்க அரசுகள் கோடிக்கணக்கில் ஒதுக்குகின்றன. தயாரித்து விற்று லாபம் பார்த்த நிறுவனங்கள்தானே இதைக் கட்ட வேண்டும்? மக்கள் வரிப்பணம் எதற்கு? ஒதுக்கிய பணம் உண்மையில் எங்கே போகிறது?"

நியாயப்படி நிறுவனங்கள்தான் கட்ட வேண்டும், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் வழக்குப் போட்டு, தீர்ப்பு வாங்கி, பணம் கைக்கு வர எட்டு வருடமும் ஆகும், பன்னிரண்டு வருடமும் ஆகும். அதுவரை அந்த ஊர் மக்கள் அதே தண்ணீரைக் குடித்துக்கொண்டிருக்க முடியாது. பொதுப்பணத்தின் முதல் வேலை இந்த இடைவெளியை அடைப்பது. அதனால் அரசு செலவு செய்வதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. எனக்கு உறுத்துவது வேறு விஷயம்: பெரும்பாலான திட்டங்கள் சுத்திகரிப்பு நிலையத்தைக் கட்டத்தான் பணம் தருகின்றன, அதை ஓட்டுவதற்குத் தருவதில்லை. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

முதலில், 'புதிய மாசு' என்பவை பெரும்பாலும் புதியவை அல்ல. டெஃப்லான் 1938-இல் கண்டுபிடிக்கப்பட்டது. அதே குடும்பத்து ரசாயனங்கள் பல பத்தாண்டுகளாகத் தீயணைப்பு நுரையிலும் கறை ஒட்டாத துணியிலும் எண்ணெய் ஊறாத காகிதத்திலும் இருந்தன. இந்தக் குடும்பத்துக்கு மொத்தமாக வைத்த பெயர்தான் பிஃபாஸ். ஆயிரக்கணக்கான சேர்மங்கள் இதில் அடங்கும். கார்பனும் ஃப்ளூரினும் சேர்ந்த பிணைப்பு மிக உறுதியானது. வெயில், மழை, பாக்டீரியா எதற்கும் எளிதில் உடையாது. பொருளை விற்பதற்கு உதவிய அதே குணம்தான் நிலத்தடி நீரில் வந்தபிறகு தலைவலியானது. அமெரிக்காவின் 3எம் நிறுவனம், தான் தயாரித்துவந்த பிஎஃப்ஓஎஸ் என்ற வகையைப் படிப்படியாக நிறுத்தப்போவதாக 2000-இல் அறிவித்தது. நீண்டகாலம் அழியாத ரசாயனங்களைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் பட்டியலில் அது 2009-இல் ஏறியது, அதன் உறவான பிஎஃப்ஓஏ 2019-இல். அமெரிக்காவில் குடிநீருக்குச் சட்டப்படியான தேசிய வரம்பு வந்தது 2024 ஏப்ரலில்தான்: இந்த இரண்டுக்கும் லிட்டருக்கு 4 நானோகிராம். லட்சம் கோடியில் நாலு பங்கு. இவ்வளவு சிறிய அளவை நம்பகமாக அளக்கும் கருவிகள் பரவலாக வந்தபிறகுதான் பிரச்சினையின் அகலமே தெரிந்தது.

இன்னொன்று, டயரிலிருந்து வருவது. ரப்பரில் வெடிப்பு விழாமலிருக்க 6பிபிடி என்ற பொருளைச் சேர்க்கிறார்கள். அது ஓசோனோடு சேர்ந்து 6பிபிடி-குயினோன் ஆகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் மழை பெய்ததும் ஓடைகளில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டமாகச் செத்ததற்கு இதுதான் காரணம் என்று 2020-இல்தான் வெளிவந்தது. டயரில் அது பல பத்தாண்டுகளாக இருந்திருக்கிறது. இப்போது யார்மேல் வழக்குப் போடுவீர்கள்? டயர் செய்தவர் மேலா, வண்டி ஓட்டியவர் மேலா, சாலைத் தண்ணீரை ஓடையில் திருப்பிவிட்ட நகராட்சி மேலா?

இங்கேதான் 'மாசுபடுத்தியவரே கட்டட்டும்' என்ற கொள்கை தடுக்கி விழுகிறது. கலந்துவிட்ட காலத்தில் அது சட்ட மீறல் இல்லை. பல இடங்களில் கலந்தவர் இப்போது இல்லை. சில இடங்களில் கலந்தவர் அரசேதான். உண்மையான மூன்று உதாரணங்களைப் பாருங்கள்.

இத்தாலியின் வெனெட்டோ பகுதியில் த்ரிஸ்ஸினோ என்ற ஊரில் மித்தெனி என்ற ஆலை. சுற்றுவட்டாரத்தில் லட்சக்கணக்கான பேரின் குடிநீரில் பிஃபாஸ் இருப்பது 2013-இல் வெளியே வந்தது. 2018-இல் நிறுவனம் திவாலானது. அதை நடத்திய 11 பேரை நீதிமன்றம் குற்றவாளிகள் என்று சொன்னது 2025 ஜூனில். நடுவில் போன அந்தப் பன்னிரண்டு வருடத்தில் கார்பன் வடிகட்டிகளைப் பொருத்தியதும், சுத்தமான இடத்திலிருந்து தண்ணீர் கொண்டுவரப் புதுக் குழாய் போட்டதும் பொதுத் துறையின் வேலையாகத்தான் ஆனது. யாரும் தர்மத்துக்குச் செய்யவில்லை, வேறு வழி இருக்கவில்லை.

ஜெர்மனியின் ராஷ்டாட் வட்டாரக் கதை வேறு மாதிரி. காகித ஆலைக் கசடு கலந்த கம்போஸ்ட்டை வயல்களில் பரப்பியதாகச் சந்தேகம். ஆயிரம் ஹெக்டேருக்கு மேல் மண் கெட்டது, கீழே நிலத்தடி நீரும் கெட்டது. கம்போஸ்ட் கொடுத்தவர், கசடு கொடுத்தவர், பரப்பியவர் என்று பொறுப்பு நீதிமன்றங்களில் இழுபட்டுக்கொண்டிருக்க, நகரக் குடிநீர் நிறுவனம் வடிகட்டும் நிலையம் அமைத்தது. செலவு குடிநீர்க் கட்டணத்தில் ஏறியது. மானியம் வராவிட்டால் பணம் எங்கிருந்து வரும் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: தண்ணீர் வரியிலிருந்து வரும். அதாவது, பாதிக்கப்பட்டவர்களிடமிருந்தே.

மூன்றாவது, ஆஸ்திரேலியா. காதரின், ஓக்கி, வில்லியம்டவுன் ஆகிய ஊர்களில் ராணுவ விமானத் தளங்களில் பயன்படுத்திய தீயணைப்பு நுரை பக்கத்து நிலங்களுக்கும் கிணறுகளுக்கும் பரவியது. மக்கள் கூட்டு வழக்குப் போட்டார்கள். 2020-இல் மத்திய அரசு 21.25 கோடி ஆஸ்திரேலிய டாலர் தர ஒப்புக்கொண்டது. அங்கே மாசுபடுத்தியவரும் கட்டுபவரும் ஒருவரே, ஆனால் அந்த ஒருவரின் பாக்கெட்டில் இருப்பது வரிப்பணம்.

சரி, அமெரிக்காவுக்கு வருவோம். புதிய மாசுகள் என்றே பெயர் போட்டு மிகப் பெரிய தொகையை ஒதுக்கிய நாடு அது. 2021 நவம்பரில் கையெழுத்தான உள்கட்டமைப்புச் சட்டத்தில் இதற்காக ஐந்து வருடத்துக்கு 1,000 கோடி டாலர் வைத்தார்கள். அதில் 400 கோடி, மாநிலங்கள் நடத்தும் குடிநீர்ச் சுழல்நிதி வழியாகப் போகிறது. 100 கோடி கழிவுநீர்ச் சுழல்நிதி வழியாக. மீதி 500 கோடி சிறிய, வசதியற்ற ஊர்களுக்கு நேர் மானியம். சுழல்நிதி என்பது சாதாரணமாகக் கடன்: ஓர் ஊர் வாங்கும், குறைந்த வட்டியோடு திருப்பிக் கட்டும், அந்தப் பணம் அடுத்த ஊருக்குப் போகும். ஆனால் புதிய மாசுக்கான இந்தத் தொகையை மட்டும் திருப்பிக் கட்டத் தேவையில்லாத உதவியாகவே தர வேண்டும் என்று சட்டத்திலேயே எழுதிவிட்டார்கள். மாநிலமும் தன் பங்கு போட வேண்டியதில்லை. இது நல்ல முடிவு என்பது என் கருத்து. ஐந்நூறு வீடுள்ள ஊருக்குக் கடன் கொடுத்து, மாசை உறிஞ்சிப் பிடிக்கும் ஆக்டிவேட்டட் கார்பன் தொட்டி கட்டச் சொல்வதும், தவணையை அந்த ஐந்நூறு வீடுகளின் மேல் பிரித்துப் போடுவதும் ஒன்றுதான்.

இதில் ஒரு வேடிக்கையான விதி உண்டு. குறிப்பிட்ட பொருளுக்குத் தேசியக் குடிநீர் வரம்பு வந்துவிட்டால் அது 'புதிய மாசு' இல்லை, இந்தப் பணத்தில் அதற்கு இடமில்லை. பிஃபாஸுக்கு மட்டும் விலக்கு. ஆர்செனிக், நைட்ரேட் எல்லாம் பழைய சங்கதி, அவற்றுக்குப் பொதுவான சுழல்நிதிக்குத்தான் போக வேண்டும். ஒரு கிணற்றில் ஆர்செனிக்கும் பிஃபாஸும் சேர்ந்தே இருந்தால், விண்ணப்பத்தில் திட்டத்தின் முதன்மை நோக்கம் என்ன என்று எழுதுவதில் சாமர்த்தியம் வேண்டும். இந்த மாதிரி வேலைக்குத் தனி ஆள் வைத்துக்கொள்ள முடிந்த பெரிய நகரங்கள் எப்போதும் வரிசையில் முன்னால் நிற்கும். அதனால்தான் சிறிய ஊர்களுக்குத் தனியாக 500 கோடி பிரித்து வைத்தது அவசியமானது.

பணம் போகும் இடங்களில் பலரும் கண்டுகொள்ளாதது பரிசோதனைச் செலவு. என்னைக் கேட்டால், ஒவ்வொரு ரூபாய்க்கும் அதிகப் பலன் தருவது இதுதான். அமெரிக்காவில் இன்னும் வரம்பு விதிக்கப்படாத மாசுகளைத் தேடிப் பார்க்க ஐந்து வருடத்துக்கு ஒருமுறை ஒரு பட்டியல் போடுகிறார்கள். ஒரு சுற்றில் அதிகபட்சம் 30 பொருள்கள். 2023 முதல் 2025 வரை நடந்த ஐந்தாவது சுற்றில் 29 பிஃபாஸ் வகைகளும் லித்தியமும் இருந்தன. பெரிய குடிநீர் நிறுவனங்கள் சொந்தச் செலவில் சோதிக்க வேண்டும். 10,000 பேருக்கும் குறைவாகத் தண்ணீர் வழங்கும் சிறிய அமைப்புகளுக்கு ஆய்வகச் செலவை அரசே கட்டுகிறது. இது இல்லாவிட்டால் சிறிய ஊர் எதற்குத் தேடப் போகிறது? தேடினால் கிடைக்கும், கிடைத்தால் செலவு, செலவுக்குப் பணம் இல்லை. தேடாமலே இருப்பதுதான் அவர்களுக்கு லாபம். பரிசோதனையை இலவசமாக்காத எந்தத் திட்டமும் இந்தக் கணக்கை மாற்றாது.

'நிறுவனங்கள் கட்டவே இல்லையா?' என்றால், கட்டியிருக்கின்றன. 2023-இல் 3எம் அமெரிக்கப் பொதுக் குடிநீர் நிறுவனங்களோடு 1,030 கோடி டாலருக்குக் குறையாத சமரசத்துக்கு வந்தது. பணம் பல வருடத் தவணையில் வரும். டூபாண்ட், கெமோர்ஸ், கார்ட்டேவா என்ற மூன்று நிறுவனங்களும் சேர்ந்து 118.5 கோடி. கேட்கப் பெரிதாகத்தான் இருக்கிறது. ஆனால் 2024 வரம்புகளைக் கடைப்பிடிக்க வருடத்துக்குச் சுமார் 150 கோடி டாலர் ஆகும் என்று அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையே மதிப்பிட்டது, குடிநீர் நிறுவனங்களின் சங்கங்கள் அதைவிட அதிகம் என்கின்றன. முகமையின் கணக்கையே எடுத்துக்கொண்டாலும் இந்த இரண்டு சமரசமும் சேர்ந்து பத்து வருடத்துக்குக்கூடக் காணாது. வீட்டுக் கிணறுகள் இதில் சேரவும் இல்லை.

மின்னசோட்டா மாநிலம் 3எம் மேல் 2010-இல் வழக்குப் போட்டது. 2018-இல் 85 கோடி டாலர் கிடைத்தது. வழக்குச் செலவெல்லாம் போகச் சுமார் 72 கோடி மிஞ்சியது. பெல்ஜியத்தில் ஸ்வைண்ட்ரெக்ட் ஆலை விஷயத்தில் ஃப்ளாண்டர்ஸ் அரசு 2022-இல் அதே நிறுவனத்தை 57.1 கோடி யூரோவுக்கு உடன்பட வைத்தது. இவை நல்ல முன்னுதாரணங்கள்தான். ஆனால் கவனியுங்கள், இரண்டிலும் எதிராளி இன்னும் உயிரோடு இருக்கும், பணமுள்ள, அடையாளம் தெளிவான ஒரு நிறுவனம். மித்தெனியிடம் இது நடக்கவில்லை.

அரசு முதலில் செலவு செய்துவிட்டு அப்புறம் வசூலிப்பது என்ற யோசனைக்கு ஒரு பழைய வடிவம் இருக்கிறது: அமெரிக்காவின் சூப்பர்ஃபண்ட். நயாகரா பக்கத்தில் லவ் கேனால் என்ற இடத்தில் ரசாயனக் குப்பை புதைத்த நிலத்தின்மேல் வீடும் பள்ளியும் கட்டியது 1978-இல் பெரிய விவகாரமாக வெடித்தது. 1980-இல் இந்தச் சட்டம் வந்தது. பெட்ரோலியத்துக்கும் ரசாயன மூலப்பொருள்களுக்கும் ஒரு வரி போட்டு நிதி சேர்த்தார்கள். பொறுப்பானவர் யார் என்று தெரியும்வரை காத்திராமல் அந்த நிதியில் சுத்தம் செய்யலாம், பிறகு துரத்தி வசூலிக்கலாம். அன்று சட்டப்படி சரியாகச் செய்திருந்தாலும் பொறுப்பு உண்டு என்பது இதன் கூர்மை. ஆனால் அந்த வரி 1995 முடிவில் காலாவதியானது, புதுப்பிக்க நாடாளுமன்றம் இசையவில்லை. நிதி மெல்ல வற்றி, செலவு பொது வரிப்பணத்தின் தலையில் விழுந்தது. ரசாயனங்கள் மீதான வரி மறுபடி வந்தது 2022 ஜூலையில்தான். கால் நூற்றாண்டுக்கு மேல் ஒரு தொழிலின் கணக்கை மற்ற எல்லோரும் கட்டினார்கள். காலாவதித் தேதி போட்ட வரியில் காலாவதித் தேதி இல்லாத மாசைச் சுத்தம் செய்ய நினைத்ததன் விளைவு இது.

2024-இல் பிஎஃப்ஓஏவும் பிஎஃப்ஓஎஸும் இந்தச் சட்டத்தின் கீழ் வந்தன. உடனே குடிநீர் நிறுவனங்களும் நகராட்சிக் குப்பைக் கிடங்குகளும் பதறின. அவர்கள் இதைத் தயாரிக்கவில்லை, ஆனால் அவர்களுடைய வடிகட்டியிலும் கிடங்கிலும்தான் வந்து சேர்ந்திருக்கிறது. பொறுப்பு அவர்கள்மேலும் பாயலாம். அவர்களையும் கழிவுநீர்க் கசடை உரமாகப் போட்ட விவசாயிகளையும் துரத்தப் போவதில்லை என்று முகமை ஒரு கொள்கை அறிக்கை விட்டது. கொள்கை அறிக்கை சட்டம் ஆகாது, தனியார் போடும் வழக்கை அது தடுக்காது. அந்தப் பயம் நியாயமானதே.

இனி நான் முதலில் சொன்ன உறுத்தல். மின்னசோட்டா மாசுக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023-இல் ஒரு கணக்கு வெளியிட்டது. பிஃபாஸை விலைக்கு வாங்கினால் ஒரு பவுண்டு (சுமார் 450 கிராம்) 50 முதல் 1,000 டாலர். அதே ஒரு பவுண்டைக் கழிவுநீரிலிருந்து பிரித்து அழிக்க 27 லட்சம் முதல் 1.8 கோடி டாலர். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உலகத்தில் எந்தப் பொதுநிதியும் இந்த விகிதத்தில் நீண்ட காலம் தாக்குப்பிடிக்காது.

ஏன் இவ்வளவு? பிஃபாஸை நீக்க நடைமுறையில் மூன்று வழிகள்: ஆக்டிவேட்டட் கார்பன், அயனிப் பரிமாற்ற ரெசின், ஆர்.ஓ. மூன்றுமே அதை அழிப்பதில்லை, இடம்தான் மாற்றுகின்றன. கார்பன் நிறைந்துவிட்டால் மாற்ற வேண்டும், பழையதை மிக உயர்ந்த வெப்பத்தில் எரிக்கவோ புதுப்பிக்கவோ வேண்டும். ஆர்.ஓ. என்றால் மின்சாரமும் வேண்டும், ஒதுக்கிய கெட்ட நீரை எங்கே விடுவது என்ற கேள்வியும் வரும். மூலக்கூறுச் சங்கிலி குட்டையான பிஃபாஸ் வகைகள் கார்பனில் சீக்கிரமே கடந்து வந்துவிடும், அதனால் அடிக்கடி மாற்ற வேண்டும். இந்தச் செலவு நிலையம் நிற்கும்வரை நிற்காது. ஆனால் சுழல்நிதியின் பணத்தை இயக்கச் செலவுக்குப் பயன்படுத்த முடியாது. கட்டடத் திறப்பு விழாவுக்கு ரிப்பன் வெட்ட வருகிற யாரும் மூன்றாம் வருடம் கார்பன் மாற்றுகிற அன்று வருவதில்லை. ஊர் மறுபடி தண்ணீர் வரியைத்தான் ஏற்ற வேண்டும்.

இதைக் கொஞ்சமாவது சரியாக யோசித்தது சுவிட்சர்லாந்து என்று நினைக்கிறேன். அங்கே பிரச்சினை பிஃபாஸ் அல்ல. மருந்து, பூச்சிக்கொல்லி போன்றவற்றின் மிச்சங்கள் கழிவுநீரில் வருவது. வலி மருந்து டைக்ளோஃபெனாக் ஒரு நல்ல உதாரணம், சாதாரணச் சுத்திகரிப்பில் பெரும்பகுதி அப்படியே ஆற்றுக்குப் போய்விடும். 2016 முதல், கழிவுநீர் நிலையத்தோடு இணைந்த ஒவ்வொரு ஆளுக்கும் வருடத்துக்கு 9 ஃபிராங்க் என்ற கட்டணம் ஒரு தேசிய நிதிக்குப் போகிறது. ஓசோன் அல்லது ஆக்டிவேட்டட் கார்பன் நிலையைச் சேர்க்கும் நிலையங்களுக்கு, சேர்க்கும் செலவில் 75 சதவீதத்தை அந்த நிதி தருகிறது. சேர்த்து முடித்த நிலையம் அந்த 9 ஃபிராங்கைக் கட்ட வேண்டாம். அந்த மிச்சம் இயக்கச் செலவில் ஒரு பகுதியைத் தாங்கும், மற்றவர்களுக்கும் சீக்கிரம் முடிக்க ஒரு காரணம் கிடைக்கும். எல்லா நிலையங்களும் இதைச் சேர்க்கத் தேவையில்லை. பெரியவை, குடிநீர் ஏரிகளுக்கு மேலே உள்ளவை, ஆற்றில் தண்ணீர் குறைந்த இடத்தில் உள்ளவை என்று சுமார் நூறு நிலையங்களைப் பொறுக்கினார்கள். கட்டணம் 2040 வரை. குறை என்னவென்றால், மருந்து தயாரித்தவர் ஒரு காசும் கட்டவில்லை, கழிப்பறை வைத்திருக்கும் எல்லோரும் கட்டுகிறார்கள்.

ஐரோப்பிய ஒன்றியம் அந்தக் குறையை எடுத்துக்கொண்டு வேறு பாதையில் போனது. 2025 ஜனவரியில் நடைமுறைக்கு வந்த திருத்தப்பட்ட நகரக் கழிவுநீர் விதியின்படி, பெரிய நிலையங்களில் இப்படிப்பட்ட மிச்சங்களை நீக்கும் நான்காம் கட்டச் சுத்திகரிப்புக்கு ஆகும் கூடுதல் செலவில் குறைந்தது 80 சதவீதத்தை மருந்து, அழகுசாதன நிறுவனங்கள் ஏற்க வேண்டும். இதில் எனக்கு மிகவும் பிடித்தது, கட்டும் செலவோடு இயக்கச் செலவும் இதில் அடங்கும் என்பது. மருந்து நிறுவனங்கள் இதை எதிர்த்து ஒன்றியத்தின் நீதிமன்றத்துக்குப் போயிருக்கின்றன. மற்ற துறைகளை விட்டுவிட்டு எங்களை மட்டும் பிடித்தது ஏன் என்பது அவர்கள் வாதம். அதில் கொஞ்சம் உண்மையும் இருக்கிறது. பிரான்ஸ் 2025 பிப்ரவரியில் இயற்றிய பிஃபாஸ் சட்டத்தில், ஆலைகள் நீரில் விடும் ஒவ்வொரு 100 கிராமுக்கும் 100 யூரோ தீர்வை வைத்தது. மின்னசோட்டாவின் ஒரு பவுண்டுக் கணக்கோடு ஒப்பிட்டால் இது கொசுக்கடிதான், ஆனாலும் அளவைப் பார்த்து வசூலிக்கும் வழி திறந்திருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும்: எல்லா இடத்திலும் 'சுத்தம்' சாத்தியமில்லை. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் கழிவுநீர்க் கசடை உரம் என்று நம்பி வாங்கிப் பல வருடம் வயலில் போட்டார்கள். மண்ணில் ஏறிய பிஃபாஸ் புல்லுக்கும், புல்லிலிருந்து பசுவின் பாலுக்கும் போனது. நூறு ஏக்கர் மண்ணை யாரும் கார்பன் தொட்டிக்குள் விட முடியாது. 2022-இல் அந்த மாநிலம் கசடு பரப்புவதைத் தடைசெய்தது, பாதிக்கப்பட்ட விவசாயிகளுக்கு 6 கோடி டாலர் நிதி ஒதுக்கியது. வருமான இழப்புக்கு, உடல்நலக் கண்காணிப்புக்கு, வேறு பயிருக்கு மாற, தேவையென்றால் நிலத்தையே விலைக்கு வாங்க. சுத்திகரிப்பு என்று பெயர் வைக்காத இந்த நிதி, பல சுத்திகரிப்பு நிதிகளைவிட நேர்மையானது.

ஆகவே உங்கள் நாட்டிலோ மாநிலத்திலோ இப்படி ஒரு நிதி அறிவிக்கப்பட்டால், மொத்தத் தொகையைப் பார்த்து மலைத்துவிடாதீர்கள். பரிசோதனைக்கு யார் பணம் என்று பாருங்கள். கடனா மானியமா என்று பாருங்கள். பின்னால் நிறுவனத்திடமிருந்து வசூலானால் அது இந்த நிதிக்கே திரும்புமா, இல்லை பொதுக் கஜானாவில் கரையுமா என்று கேளுங்கள். வீட்டுக் கிணறுகள் சேர்ந்திருக்கின்றனவா? அமெரிக்கக் குடிநீர்ச் சட்டம் தனியார் கிணறுகளைக் கட்டுப்படுத்துவதே இல்லை, அந்தத் தண்ணீரைச் சோதிப்பதும் வடிகட்டுவதும் பெரும்பாலும் வீட்டுக்காரர் பாடு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஐந்தாம் வருடம் கார்பன் யார் வாங்கித் தருவார்கள்? அமெரிக்காவின் அந்த 1,000 கோடி டாலரின் கடைசித் தவணை 2026 நிதியாண்டோடு முடிகிறது. பிஎஃப்ஓஏ, பிஎஃப்ஓஎஸ் வரம்புகளுக்குக் குடிநீர் நிறுவனங்கள் கட்டுப்பட வேண்டிய கெடுவை 2029-இலிருந்து 2031-க்குத் தள்ளப்போவதாக முகமை 2025 மே மாதம் அறிவித்தது.